கணுவைத் தேடுவோம்: கிடைமட்டத் தண்டுகளைக் கற்பித்த அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் தண்டின் மாற்றுருக்களை நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் வழக்கமான பட்டியல். வல்லாரை, ஓடுதண்டு. இஞ்சி, மஞ்சள், மட்டநிலத்தண்டு. உருளைக்கிழங்கு, கிழங்கு. சேனை, கந்தம். வெங்காயம், குமிழம். “இஞ்சி வேர் அல்ல, தண்டு. அடிக்கடி கேட்கும் வினா. அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்” என்றேன். இரண்டாம் வரிசையில் இருந்த மாணவன் எழுந்தான்.

“மண்ணுக்குள்ளதானுங்க டீச்சர் இருக்குது. அதைத் தண்டுன்னு எப்படிங்க சொல்றது?”

“புத்தகத்தில் போட்டிருக்கிறதே” என்ற பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்கு முன் பதினைந்து ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தியிருந்தேன். ஒருமுறைகூட இஞ்சியைக் கையில் கொடுத்து, இதில் தண்டு என்பதற்கு என்ன அடையாளம் என்று நான் கேட்டதில்லை. பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் மதிப்பெண் பெற்றார்கள், மறந்தவர்கள் இழந்தார்கள், அவ்வளவுதான். மறுநாள் காட்டுகிறேன் என்று சொல்லி அவனை உட்கார வைத்தேன். எங்கள் பள்ளி இருப்பது மஞ்சளும் கரும்பும் வாழையும் விளையும் ஈரோட்டுப் பக்கத்து ஊர். பிள்ளைகளில் பாதிப் பேர் பண்ணையம் பார்க்கும் வீட்டுப் பிள்ளைகள். அவர்களிடம் இல்லாத கற்பித்தல் உபகரணம் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மேசைமேல் கிழங்குகள்

சமையலறையிலிருந்தும் சந்தையிலிருந்தும் ஐந்து பொருள்களை எடுத்துச் சென்றேன்: இஞ்சி, மஞ்சள், உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கேரட். கூடவே இரண்டு முழக் கரும்பும் வைத்தேன். முதலில் கரும்பைத்தான் கையில் கொடுத்தேன். கரும்பு தண்டு என்பதில் எந்தப் பிள்ளைக்கும் சந்தேகம் இல்லை. அதில் என்னவெல்லாம் இருக்கிறது என்று சொல்லச் சொன்னேன். கணு, இரண்டு கணுவுக்கு நடுவில் வழுவழுப்பான பகுதி, கணுவில் சோகை உரித்த தடம், அந்தத் தடத்துக்கு மேல் ஒரு பரு. கணுவைச் சுற்றி வேர் கிளம்பும் புள்ளிகள்கூட ஒருத்தியின் கண்ணில் பட்டுவிட்டன. பாடநூல் கோண மொட்டு என்பதை விவசாயி பரு என்கிறார். ஒருபருக் கரணை, இருபருக் கரணை என்று இந்தப் பிள்ளைகள் வீட்டில் தினமும் கேட்கும் சொற்கள் அவை. கணு, கணுவிடைப் பகுதி, இலை அல்லது இலைத்தடம், அதன் கோணத்தில் மொட்டு என்ற நான்கையும் கரும்பலகையில் எழுதினேன். இவை எதில் இருக்கிறதோ அது தண்டு.

பிறகு இஞ்சியைக் கொடுத்தேன். மேல்தோலில் சுற்றிச்சுற்றி வளையங்கள் இருந்தன. “கணுவுங்க டீச்சர்!” வளையத்தை ஒட்டிக் காய்ந்த காகிதம்போல் ஒரு சவ்வு தெரிந்தது. அதுதான் செதில் இலை. விரல்களின் ஓரத்தில் கூம்பிய சிறு முளை மொட்டு. அடிப்பக்கம் நூல்போல் நீண்டவை வேற்றிட வேர்கள். கரும்பைப் படுக்கப்போட்டுக் குட்டையாக்கி, கணுவிடைப் பகுதியைச் சுருக்கி, உள்ளே மாவுப்பொருளை நிரப்பினால் இஞ்சி. மஞ்சளில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. சந்தையில் கிழங்கு மஞ்சள், விரலி மஞ்சள் என்று இரண்டு ரகமாகப் பிரித்து விற்கிறார்களே, அதில் கிழங்கு என்பது தாய்த்தண்டு, விரலி என்பது அதன் கோண மொட்டுகள் நீண்டு வளர்ந்த கிளைகள். கிளை விடுவது தண்டின் வேலை என்பதைச் சொல்லாமலே புரிந்துகொண்டார்கள்.

உருளைக்கிழங்கில் கண்கள்தான் கணுக்கள். கண்ணுக்கு மேல் புருவம்போல் வளைந்த கோடு இலைத்தடம், குழிக்குள் இருப்பது மொட்டுகள். ஒரு முனையில் கண்கள் நெருங்கியிருக்கும், அது நுனி. எதிர்முனையில் தாய்ச்செடியோடு ஒட்டியிருந்த வடு இருக்கும். மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடிய மெல்லிய தண்டின் நுனி பருத்தால் அது உருளைக்கிழங்கு. ஒரு கண்ணில் குண்டூசி குத்தி, அடுத்தடுத்த கண்களுக்கு நூலைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னேன். நூல் சுருளாக ஏறியது. செடியில் இலைகள் சுற்றி ஏறும் ஒழுங்கும் அதுதான்.

கேரட்டில் வளையமும் இல்லை, கண்ணும் இல்லை. இலை முளைத்த உச்சியை விட்டுவிட்டால் பக்கவேரின் தடங்கள் மட்டும்தான். அது வேர்.

சர்க்கரைவள்ளியில் மாட்டிக்கொண்டேன். “இது வேர்” என்றதும் ஒரு மாணவி, “எங்க வீட்ல வெச்சிருந்தது முளைச்சிடுச்சுங்களே” என்றாள். அவள் சொன்னது சரி. சர்க்கரைவள்ளி வேர்க்கிழங்காக இருந்தாலும் அதில் மொட்டுகள் தோன்றி முளைக்கும். ஆகவே முளைப்பதை வைத்து மட்டும் தண்டு என்று முடிவுசெய்ய முடியாது. கணுவும் இலைத்தடமும் ஓர் ஒழுங்கில் இருக்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். வீட்டில் வளர்க்கும் கறிவேப்பிலையும் இப்படித்தான். மரத்தைச் சுற்றிக் கிளம்பும் கன்றுகள் அதன் வேரிலிருந்து வருகின்றன. அதே சமயம் சாமந்தியைச் சுற்றிக் கிளம்பும் கன்றுகள் மண்ணுக்குள் ஓடும் தண்டிலிருந்து வருபவை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தோண்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். இந்த இரண்டையும் தோண்டிக் காட்டிய நாளில் நடந்த விவாதம் எனக்கு நிறைவாக இருந்தது.

எதை நடுகிறோம்?

அன்று கடைசியாக ஒரு வினா கேட்டேன். உங்கள் தோட்டத்தில் எதை நட்டு எதை அறுவடை செய்கிறீர்கள்? மஞ்சள் நடுவதற்கு விதை மஞ்சள் என்று கிழங்கைத்தான் நடுகிறார்கள். இஞ்சிக்கும் உருளைக்கும் அப்படியே. ஆனால் மரவள்ளிக்கு? எங்கள் பக்கம் அதற்குக் குச்சிக்கிழங்கு என்று பெயர். காரணத்தைப் பிள்ளைகளே சொன்னார்கள்: “குச்சியத்தானுங்க நடுவோம்.” ஏன் கிழங்கை நடுவதில்லை? சிறிது நேரம் அமைதி. பிறகு பின்வரிசையிலிருந்து மெதுவாக ஒரு குரல், “கிழங்குல கணு இல்லைங்க, குச்சியிலதானுங்க இருக்குது.”

மரவள்ளிக்கிழங்கு வேர். அதில் முளைக்க மொட்டு இல்லை. அதனால் கணுவுள்ள தண்டை வெட்டி நடுகிறார்கள். விவசாயிக்கு இது பரம்பரையாகத் தெரிந்த செய்தி. மாற்றுரு என்ற சொல்லைக் கேட்டிராத ஒருவரின் கை, வேர் எது, தண்டு எது என்று சரியாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதன் பிறகு எந்த வகுப்பில் இந்தப் பாடத்தைத் தொடங்கினாலும் இந்த வினாவைத்தான் முதலில் கேட்கிறேன். நகர்ப்புறப் பள்ளியில் பணிபுரியும் ஆசிரியர்கள் புதினாவை வைத்துத் தொடங்கலாம். சமைக்க இலையைக் கிள்ளியபின் மிஞ்சும் தண்டைத் தண்ணீர் டம்ளரில் போட்டால் சில நாளில் கணுக்களில் வெள்ளை வேர் தெரியும்.

அருகம்புல்லை வெட்டிப் பார்த்தோம்

“ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி” என்று பெரியவர்கள் வாழ்த்துவார்கள். வாழ்த்தில் குறை காண்பதற்கு இல்லை. ஆனால் அருகு ஓடுவது தண்டால். ஓடிய தண்டு கணுவுக்குக் கணு வேர் விடுகிறது. பள்ளி மைதானத்தில் பிடுங்கிப் பார்த்தபோது இன்னொன்றும் கண்டோம். தரைமேல் ஓடும் தண்டு பச்சையாக, இலையோடு இருந்தது. மண்ணுக்குள் ஓடும் தண்டு வெள்ளையாக, ஊசிபோல் கூர்நுனியோடு, இலைக்குப் பதில் செதிலோடு இருந்தது. மேலே ஓடுவதும் கீழே ஓடுவதும் ஒரே புல்லில்! மாடு மேய்ந்தால் மேல்தண்டு போகும், கீழ்த்தண்டு தப்பிக்கும். வெயிலில் காய்ந்தாலும் அப்படித்தான்.

இந்தப் புல்லை வைத்துச் செய்த சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை. பயன்படுத்திய காகித டம்ளர்களில் ஈரமண் நிரப்பினோம். முதல் வரிசையில் கணுவே இல்லாத கணுவிடைத் துண்டுகள், இரண்டாம் வரிசையில் ஒரு கணு உள்ள துண்டுகள், மூன்றாம் வரிசையில் மூன்று கணு உள்ளவை. வரிசைக்குப் பத்து டம்ளர். எது முளைக்கும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கச் சொன்னேன். நீளமான துண்டு முளைக்கும் என்றுதான் பெரும்பாலோர் எழுதினார்கள். அதனால் வேண்டுமென்றே கணுவில்லாத துண்டுகளில் நீளமானவற்றையும், கணுவுள்ளவற்றில் மிகச் சிறியவற்றையும் சேர்த்திருந்தேன். இரண்டு வாரத்தில் கணுவில்லாத வரிசையில் ஒன்றும் முளைக்கவில்லை, அழுகிப்போயின. ஒரு கணு துண்டுகளில் முக்கால்வாசி பச்சை காட்டின. மூன்று கணு துண்டுகள் இன்னும் வலுவாக இருந்தன.

பிள்ளைகள் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, முன்பு எழுந்து கேட்ட அதே மாணவன் மறுபடியும் எழுந்தான். “அப்ப ரோட்டவேட்டர் ஓட்டினா என்னங்க ஆகும்?”

அவன் அப்பா ஓர் ஏக்கர் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பாடுபடுபவர். தோட்டம் முழுக்கக் கோரை. களை எடுக்கும் கூலிக்கே விளைச்சலில் பாதி போகிறது என்று வீட்டில் பேச்சு. ஆளுக்குக் கூலி கொடுக்க முடியாமல் ரோட்டவேட்டர் வைத்த டிராக்டரை மணிக்கணக்கு வாடகைக்கு விட்டு உழுதால் மண் பூப்போல ஆகிவிடுகிறது. பத்து நாளில் கோரை முன்னைவிட அடர்த்தியாக எழுகிறது. அவன் கேட்ட கேள்விக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது.

கோரையின் சங்கிலி

நானும் நேராகத் தெரியாமல் பதில் சொல்ல விரும்பவில்லை. அவன் தோட்டத்திலிருந்து கோரையைப் பிடுங்காமல், மண்வெட்டியால் ஆழமாகத் தோண்டி, மண்ணோடு எடுத்துவரச் சொன்னேன். வாளித் தண்ணீரில் அலசியதும் வகுப்பே கூடிவிட்டது. மேலே நாம் பார்க்கும் புல் ஒன்று. அதன் அடியிலிருந்து கம்பிபோல் மெல்லிய தண்டு ஓடி ஒரு கிழங்கு, அதிலிருந்து மறுபடி தண்டு, மறுபடி கிழங்கு என்று மணிமாலை கோத்ததுபோல் இருந்தது. கையால் பிடுங்கும்போது மேல்புல் மட்டும் வந்துவிடுகிறது. மாலை உள்ளேயே தங்கிவிடுகிறது. உலகின் மிக மோசமான களைகளில் ஒன்றாக வேளாண் அறிவியலார் கோரையைச் சொல்வதற்குக் காரணம் இந்த மாலைதான்.

பத்தாம் வகுப்பில் ஆக்சினும் நுனி ஆதிக்கமும் படிக்கிறோம். நுனி மொட்டு வளரும்போது பக்கத்து மொட்டுகளை அடக்கி வைக்கிறது. செம்பருத்திக் கிளையின் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளைகள் வரும் என்று காட்டுவோம். கோரை மாலையிலும் அதே விதிதான் நடக்கிறது. மாலை முழுதாக இருக்கும்வரை எல்லாக் கிழங்கும் ஒன்றாக முளைப்பதில்லை, பல உறங்கியே கிடக்கின்றன. மாலையை அறுத்தால் அடக்குவதற்கு ஆள் இல்லை, உறங்கியவை விழிக்கின்றன. இதையும் டம்ளரில் பார்த்தோம். ஒரு தட்டில் மாலையை அறுக்காமல் புதைத்தோம். இன்னொரு தட்டில் அதே எண்ணிக்கைக் கிழங்குகளைத் தனித்தனியாகப் பிரித்துப் புதைத்தோம். பிரித்த தட்டில் முளைகள் தெளிவாகக் கூடுதல். ரோட்டவேட்டர் கத்தி ஈரமண்ணில் செய்வது இந்த இரண்டாம் தட்டு வேலையைத்தான். அருகம்புல்லாக இருந்தால் கரணை வெட்டிக் காடு முழுக்க நட்டுத் தருகிறது என்றே சொல்லலாம்.

மூன்றாவதாகச் சில கிழங்குகளைப் பள்ளி மொட்டைமாடியில் சித்திரை வெயிலில் ஒரு வாரத்துக்கு மேல் பரப்பி வைத்தோம். சுருங்கிய அவற்றைப் புதைத்தபோது முளைக்கவில்லை. கோரைக் கிழங்குக்கு உலர்தல் ஆகாது. அந்தச் செய்தியைக் கேட்டு மாணவனின் அம்மாயி சிரித்தாராம். “அந்தக் காலத்துல கோடை உழவு எதுக்குப் போட்டாங்கன்னு நெனச்சே?”

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவன் அப்பா வந்தார். “ஏனுங்க டீச்சர், வண்டி ஓட்ட வேண்டாம்னு பையன் ஒரே அடம். நீங்க சொன்னீங்கன்னு சொல்றான்.” எனக்குத் திக்கென்றது. நான் அறிவியல் ஆசிரியை, வேளாண் அலுவலர் இல்லை. என் பேச்சைக் கேட்டு ஒரு போகம் வீணாகிவிட்டால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? எங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அவகாசம் வாங்கினேன். அவர் சொன்னது சோதனையோடு ஒத்துப்போனது. கோரையும் அருகும் மண்டிய நிலத்தில் ஈரத்தோடு ரோட்டவேட்டர் விடுவது களையைப் பெருக்கும். கோடையில் சட்டிக் கலப்பையால் ஆழ உழுது புரட்டி, கிழங்குகளைக் காயவிட்டு, கொத்துக் கலப்பையால் இழுத்துப் பொறுக்கி அப்புறப்படுத்த வேண்டும். ஒரே ஆண்டில் தீராது.

அவர்கள் அந்தக் கோடையில் பாதித் தோட்டத்தில் மட்டும் அப்படிச் செய்தார்கள். உழுத பத்தாம் நாள் கோடைமழை பெய்து பாதி உழைப்பைக் கெடுத்தது. இருந்தாலும் அந்தப் பாதியில் களையெடுப்பு ஒன்று குறைந்ததாக அவர் பிறகு சொன்னார். பெரிய வெற்றிக் கதை எதுவும் இல்லை. ஆனால் “தரைகீழ்த் தண்டுகளின் பயன்கள் யாவை?” என்ற வினாவுக்கு அந்த வகுப்பில் ஒருவரும் புத்தக விடையை மட்டும் எழுதவில்லை. பயனுக்குப் பக்கத்தில் தொல்லையும் எழுதியிருந்தார்கள். இரண்டுக்கும் மதிப்பெண் போட்டேன்.

அதே குடும்பத்துப் பாய்க்கோரை கரூர், முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் பயிராகவே வளர்க்கப்படுகிறது. அதையும் தரைகீழ்த் தண்டை நட்டுத்தான் பெருக்குகிறார்கள். ஒருமுறை நட்டால் அறுக்க அறுக்கத் துளிர்க்கும். களை என்று ஒரு தோட்டத்தில் திட்டு வாங்கும் குணம், இன்னொரு தோட்டத்தில் வருமானம்.

வாழைத்தண்டு எது?

“வாழையின் தண்டு எங்கே இருக்கிறது?” என்ற வினாவை எல்லா வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் நிமிர்ந்து நிற்கும் மரத்தைக் காட்டுவார்கள். அது இலைக்காம்புகளின் அடிப்பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சுற்றிய பொய்த்தண்டு. உரித்துக்கொண்டே போனால் பட்டைதான் வரும். பூக்கட்டும் நார் அதிலிருந்துதான் எடுக்கிறோம். உண்மையான தண்டு மண்ணுக்குள் பருத்திருக்கும் கிழங்கு.

இதைச் சொன்னதும் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது. “அப்ப நாங்க பொரியல் பண்ற வாழைத்தண்டு என்னங்க?” நல்ல கேள்வி. கிழங்கின் நுனி மொட்டு பூக்கும் பருவத்தில் பொய்த்தண்டின் நடுவே மேலே நீண்டு வளர்கிறது. அதன் நுனியில் வாழைப்பூவும் குலையும் வருகின்றன. அந்த நடுத்தண்டின் இளம்பகுதியைத்தான் சமைக்கிறோம். அதுவும் மெய்யான தண்டுதான். “குலை தள்ளாத மரத்துல தண்டு இருக்காதுன்னு எங்க அப்பாரு சொல்லுவாருங்க” என்றான் ஒருவன். அவன் தாத்தா சொன்னது சரியே. குலை வெட்டிய மரத்தையும் இளங்கன்றையும் குறுக்கே வெட்டி வைத்துக் காட்டினால் போதும், படம் வரைய வேண்டியதே இல்லை.

குலை ஈன்றதும் அந்தத் தண்டின் வளர்ச்சி முடிந்துவிடுகிறது. நுனி மொட்டுப் பூவாகிவிட்டதே! ஆனால் கிழங்கின் பக்க மொட்டுகள் ஏற்கெனவே கன்றுகளாகக் கிளம்பியிருக்கும். வாழையடி வாழை என்கிறோமே, அதன் உடற்கூறு இதுதான். விவசாயிகள் எல்லாக் கன்றையும் நடுவதில்லை. இலை குறுகி ஈட்டிபோல் இருக்கும் கன்றைத் தேர்கிறார்கள், அகன்ற இலையுள்ள நீர்க்கன்றை ஒதுக்குகிறார்கள். ஈட்டிக்கன்று தாய்க்கிழங்கோடு வலுவாக இணைந்து, அடி பருத்து வளர்ந்தது. நீர்க்கன்றுக்கு அந்தப் பிடிப்பு இல்லை.

இங்கே உயர்நிலை வகுப்புகளுக்கு ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. நாம் உண்ணும் வாழையில் முளைக்கும் விதை இல்லை. கன்று என்பது புதிய உயிரின் பிறப்பு அன்று, அதே தாயின் நீட்சி. மகரந்தச் சேர்க்கை இல்லை, மரபணுக் கலப்பு இல்லை. ஒரு தோட்டத்தில் ஆயிரம் ரஸ்தாளி நின்றாலும் மரபணுவைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய ஒரே செடி. நல்ல ரகம் மாறாமல் கிடைக்கிறது, விரைவில் பெருகுகிறது. இதைப் பாடநூல் நன்மையாகச் சொல்கிறது, சரிதான். ஆனால் ஒரு நோய் ஒரு செடியை வீழ்த்த முடிந்தால் ஆயிரத்தையும் வீழ்த்த முடியும். மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையால் வரும் பனாமா வாடல் நோய்க்கு ரஸ்தாளி எளிதில் இரையாவது நம் விவசாயிகளுக்குத் தெரியும். உலக அளவிலும் இதே கதை நடந்தது. 1950கள் வரை ஏற்றுமதிச் சந்தையை ஆண்ட குரோ மிஷெல் என்ற ரகத்தை இந்த நோய் அழித்தது. வணிகம் கேவண்டிஷ் வகைக்கு மாறியது. இப்போது அதே பூஞ்சையின் வேறொரு இனம் கேவண்டிஷையும் தாக்குகிறது. இந்தியாவிலும் அது கண்டறியப்பட்டுள்ளது. நோய்கண்ட தோட்டத்துக் கன்றை இன்னொரு தோட்டத்துக்கு எடுத்துச் செல்லும்போது நோயும் கூடவே போகிறது. விதை மஞ்சளோடு கிழங்கு அழுகல் போவதும் இப்படித்தான். நடுவதற்கு முன் விதைநேர்த்தி செய்வது இதற்காகத்தான்.

சமூக அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து நடத்த ஏற்ற இடமும் இது. 1845இல் தொடங்கி அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் அழித்தது. ஏழைகள் பெரும்பாலும் ஒரே ரகத்தைக் கிழங்கிலிருந்து கிழங்காகப் பயிரிட்டு உண்டுவந்தார்கள். பசியிலும் நோயிலும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். ஆட்சியாளர்களின் கொள்கையும் நில உடைமையும் அதில் பெரும் பங்கு வகித்தன என்பதை வரலாற்று ஆசிரியர் சொல்லட்டும். மரபணு வேற்றுமை இல்லாத பயிரின் ஆபத்தை நாம் சொல்லலாம். விதையால் பெருகுவதற்கும் தண்டால் பெருகுவதற்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு பத்தி அட்டவணையாக மட்டும் நடத்தினால் இந்த எடை பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடும்.

பெயர்களில் வரும் குழப்பம்

குறுவளமையக் கூட்டம் ஒன்றில் புதினா எந்த வகை என்று அரைமணி நேரம் வாதிட்டோம். ஸ்டோலன் என்றார் ஒருவர், தரைகீழ் ஓடுதண்டு என்றார் இன்னொருவர். இருவரிடமும் புத்தகம் இருந்தது! ஸ்ட்ராபெர்ரியையும் சில நூல்கள் ஓடுதண்டு என்றும் சில ஸ்டோலன் என்றும் எழுதுகின்றன. வாழையின் அடிக்கிழங்கை மட்டநிலத்தண்டு என்பவர்களும் உண்டு, கந்தம் என்பவர்களும் உண்டு. இயற்கை நம் அறைகளுக்குள் அடங்கி வளர்வதில்லை. தேர்வுக்குப் பாடநூல் சொல்லும் வகையை எழுதச் சொல்லலாம், வேறு வழியில்லை. ஆனால் வகைப் பெயர் மாறிப்போனதற்காகக் கணுவையும் மொட்டையும் சரியாகக் குறித்த பிள்ளைக்குச் சுழியம் போடுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

ஆகாயத்தாமரை இன்னொரு குழப்பம். பாடநூலில் குட்டையான ஓடுதண்டுக்கு எடுத்துக்காட்டாக வருவது, இலைகள் ரோஜா இதழ்போல் அடுக்கிய, காம்பு ஊதாத சிறு செடி. செய்தித்தாளில் ஏரியை மூடிய ஆகாயத்தாமரை என்று படத்தோடு வருவதோ பெரும்பாலும் வெங்காயத்தாமரை. காம்பு வெங்காயம்போல் ஊதி, ஊதாப் பூ பூப்பது. பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக நினைப்பதில் வியப்பில்லை. நல்லவேளையாக இரண்டும் பெருகும் முறை ஒன்றே. தண்ணீர்மேல் பக்கவாட்டில் ஒரு குட்டைத் தண்டு நீண்டு, நுனியில் புதுச்செடி உருவாகிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத்தாமரை ஏற்ற சூழலில் சுமார் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகக்கூடியது. வங்காளத்தில் ஆறுகளையும் நெல்வயல்களையும் அடைத்துக்கொண்டதால் 1936இல் அதை ஒழிக்க ஒரு சட்டமே இயற்றினார்கள். இரட்டிப்பு என்பதைக் கணித வகுப்புக்கும் கொண்டுபோகலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் செடி ஏரியைப் பத்தாம் வாரத்தில் முழுதும் மூடினால், பாதி ஏரி எப்போது மூடியிருந்தது? ஐந்தாம் வாரம் என்று சொல்லாத பிள்ளையை நான் இன்னும் அதிகம் பார்க்கவில்லை.

தொடக்க வகுப்புகளில்

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் வேண்டாம். பழைய பிளாஸ்டிக் தட்டில் மண் நிரப்பி ஒரு வல்லாரைச் செடியை நடுங்கள். பக்கத்தில் மண் நிரப்பிய இன்னொரு தட்டு. ஓடுதண்டு எட்டிப் பிடித்து அடுத்த தட்டில் வேர்விடும் நாளைப் பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். அங்கே புதுச்செடி நன்றாக ஊன்றியபின், நடுவில் இணைக்கும் தண்டைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். வெட்டும்போது “அம்மா செடியும் பாப்பா செடியும் செத்துருமா?” என்று கேட்பார்கள். இரண்டு நாள் கவலையோடு வந்துவந்து பார்ப்பார்கள். இரண்டும் வாழும். வேர்விடுமுன் வெட்டிய ஒன்று வாடுவதையும் பக்கத்தில் காட்டினால் வேற்றிட வேரின் வேலை விளங்கிவிடும்.

இஞ்சியை முளைக்க வைக்க விரும்பினால் கடையில் வற்றலாக இருப்பதை வாங்காதீர்கள். முளை பருத்த, தோல் பளபளப்பான துண்டாகப் பார்த்து ஈரமணலில் புதைத்துச் சில வாரம் பொறுமையாக இருக்க வேண்டும். தண்ணீர் அதிகமானால் அழுகும். எங்கள் முதல் முயற்சி அப்படித்தான் போனது. கோடையை ஒட்டிச் செய்தால் விரைவில் முளை காட்டும்.

வெங்காயத்தாமரையைக் காட்டுவதற்காகப் பள்ளிக்குக் கொண்டுவந்தால் பாடம் முடிந்ததும் வெயிலில் முழுக்கக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள். பக்கத்துக் குட்டையில் போட்டுவிட வேண்டாம். கோரைக்கும் அருகம்புல்லுக்கும் இது பொருந்தும். சோதனை முடிந்த டம்ளர் மண்ணையெல்லாம் முதலாண்டு நாங்கள் பள்ளிக் காய்கறித் தோட்டத்தில் கொட்டிவிட்டோம். இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசிப் பாடவேளையில் கத்திரிப் பாத்தியிலிருந்து கோரையைத் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறோம்.